ஈஸ்வரி எழுதாத நாலாம் நாள்

என் பெயரே முனியசாமி. ஆனாலும் முனி, பேய், செய்வினை என்று எதையும் நான் ஒரு நாளும் நம்பினதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கோடாங்கி அடித்துக் குறி சொல்கிற வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சிரித்து, அய்யாவிடம் முதுகில் வாங்கினவன் நான். பிழைப்பும் அப்படித்தான். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார் வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: நாம் உள்ளே போடாதது எதுவும் இந்தப் பெட்டியிலிருந்து வெளியே வராது. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்குத்தான் இது நடந்தது. நீங்கள் பாதியில் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், என் பெண்டாட்டியே இன்னும் நம்பவில்லை.

நடந்தது ராத்திரியில்கூட இல்லை. பட்டப்பகல், மத்தியானம் இரண்டு மணி, வெளியே கரும்புச்சாறு வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டிருக்கிறான். பாம்பன் ரயில் பாலத்தை அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்திவைத்திருந்தார்களே, அந்தச் சமயம். ஆயிற்று மூன்று வருஷம்.

ஈஸ்வரி எனக்கு அத்தை மகள். அய்யாவின் தங்கையை முதுகுளத்தூர் பக்கம் கொடுத்திருந்தது. மாமாவுக்கு மிளகாய்த் தோட்டம், நஞ்சை, டிராக்டர் என்று நல்ல வசதி. எங்களுக்கு வானம் பார்த்த நாலு ஏக்கர். ஈஸ்வரி காலேஜில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு எங்கள் சென்டரிலேயே டைப்பிங் வேலைக்கு வந்தாள். அப்போது ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஜப்பான்காரர்கள் செய்த ஒரு மாதிரி விளையாட்டைப் பார்த்துவிட்டாள். சுடுவது, கார் ஓட்டுவது எல்லாம் அதில் கிடையாது. படம் வரும், படத்துக்குக் கீழே பேச்சு வரும், ஒரு பொத்தானைத் தட்டத் தட்டக் கதை நகரும். அங்கங்கே இரண்டு பதிலைக் கொடுத்து, இதில் எதைச் சொல்லப்போகிறாய் என்று கேட்கும். நாம் எதைத் தட்டுகிறோமோ அதைப் பொறுத்துக் காதல் கைகூடும், இல்லை அவள் ரயிலேறிப் போய்விடுவாள். அவ்வளவுதான் விளையாட்டு. அதைப் பார்த்ததிலிருந்து, தமிழில் ஒன்று செய்தே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு மாதம் உட்கார்ந்தாள். இரவல் கேமராவை வாங்கிக்கொண்டு போய்ப் பாம்பன் பாலத்தையும் மாரியூர்க் கடற்கரையையும் காரங்காட்டில் படகு போகிற அலையாத்திக் காட்டையும் எடுத்துவந்தாள். ஆட்களைத் தாளில் வரைந்து ஸ்கேன் செய்தாள். அதில் ஒரு தமாஷ், அவளுக்குக் கைவிரல் வரைய வராது. அதனால் அவள் கதையில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள், காதலைச் சொல்லும்போதுகூட. இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள். அப்போதைய தமிழ் எழுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்காக ஒவ்வொரு வசனத்தையும் அவள் தனித்தனிப் படமாகச் செய்து, நம்பர் போட்டு வைத்திருந்தாள். ஒரு வசனம் திரையில் வர வேண்டும் என்றால் அந்தப் படத்தை அவள் உட்கார்ந்து செய்திருக்க வேண்டும். தானாக முளைக்க வழியே இல்லை.

ஏழு நாள் கதையில் மூன்று நாள்தான் முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை சிடியில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"மச்சான், இன்னும் முடியல. மொதமொதல்ல நீங்கதான் பாக்குறீக. பாத்துட்டு மனசுல என்ன தோணுதோ அத அப்படியே எழுதிக் குடுங்க."

கதை இதுதான். கார்த்திக் என்று ஒருத்தன், மாலா என்று அவனுடைய அத்தை மகள். சின்ன வயதில் ஒன்றாகத் திரிந்தவர்கள் பாம்பன் போகிற ரயிலில் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் முடிவில் மாலாவுக்கு வெளியில் மாப்பிள்ளை நிச்சயமாகிறது. கார்த்திக் முன்னால் தாம்பாளம் வருகிறது.

அந்தத் தாம்பாளம் எங்கள் சனத்து வழக்கம். தாய்மாமன் மகன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால், பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால் அந்த முறைகாரனைக் கூப்பிட்டுச் சொந்தபந்தத்துக்கு நடுவில் ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, தாம்பாளத்தில் வேட்டி துண்டு, தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் அவனுக்கு அந்தப் பெண்மேல் இருந்த முறை கழிந்தது, இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எடுக்காவிட்டால் பரிசம் நிற்கும். ஆனால் எடுக்காமல் இருந்தவனை நான் பார்த்ததில்லை. எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு, பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

கதையில் அந்த இடத்தில் இரண்டு தேர்வு வரும். 'வாங்கிக்கொள்', 'வாங்காதே'. வாங்கிக்கொள் என்பதைத் தட்டினால் கல்யாணம், மாலா ரயிலேறுவது, பாலத்தில் ரயில் போவது, முற்றும் என்று எல்லாம் அழகாகச் செய்து வைத்திருந்தாள். வாங்காதே என்பதைத் தட்டினால் 'நாலாம் நாள்: இன்னும் எழுதவில்லை' என்று சுற்றிலும் பூப்போட்ட ஒரு பலகை வரும், அப்புறம் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும்.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி முழுநீளத் தாளில் இரண்டு பக்கம் எழுதினேன். பாலத்தின் படம் மங்கல். கதாநாயகன் வாயே திறப்பதில்லை, விறுவிறுப்பு இல்லை. ரயில் சத்தம் அதிகம். கதாநாயகன் போட்டிருந்தது என் கட்டம்போட்ட சட்டை, தீபாவளிக்கு எடுத்தது, அதைப் பார்த்துவிட்டு 'சட்டைக் கலர் எடுப்பாக இல்லை' என்று எழுதியிருக்கிறேன். கடைசியாக, 'வாங்காதே என்ற தேர்வு வேலை செய்யவில்லை. தேவையில்லை என்றால் எடுத்துவிடலாம்' என்று எழுதி, கீழே ஒரு கோடு வேறு போட்டிருந்தேன்.

அவள் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி மச்சான், எடுத்துர்றேன்" என்றாள்.

மறு மாதமே அவளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். எனக்கு அவள்மேல் ஆசை இல்லையா என்று கேட்டால், இருந்தது, சின்ன வயதிலிருந்தே இருந்தது. ஆனால் சிங்கப்பூர் எங்கே, மாதச் சம்பளத்தில் பாதியை மெஸ்ஸுக்குக் கொடுக்கிற நான் எங்கே. அவளும் அதைத்தான் விரும்புவாள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். மாமா வீட்டிலிருந்து ஆள் வந்து வெள்ளிக்கிழமை காலையில் துண்டு வாங்க வரச் சொல்லிவிட்டுப் போனார். அய்யா சரி என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஈஸ்வரி வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். சென்டரில் நான் மட்டும். அவள் உட்கார்ந்து வேலை செய்த மூலைப் பெட்டியைப் போட்டு, அவள் கதையைத் திறந்தேன். குறை கண்டுபிடிக்க இல்லை, அவள் ஞாபகமாகவே இருந்தது, அவள் செய்ததையாவது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்போம் என்றுதான். மூன்று நாளும் ஓடியது. தாம்பாளம் வந்தது. எடுத்துர்றேன் என்றவள் அந்தத் தேர்வை எடுக்காமலே விட்டிருந்தாள். வாங்காதே என்பதைத் தட்டினேன். பூப்போட்ட பலகை வந்தது, இன்னும் எழுதவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு விரல் தன்போக்கில் பொத்தானைத் தட்டியது.

கதை முதலுக்குப் போகவில்லை. திரை கறுத்தது. கறுத்து, ஜமுக்காளம் விரித்த ஒரு கூடம் வந்தது.

நம்பினால் நம்புங்கள், கூடத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு விரல்கள் இருந்தன. பத்து விரலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் முதலில் பார்த்தது அதைத்தான். இதை இவள் வரையவில்லையே என்று நினைத்தேன். தாம்பாளம் கவிழ்ந்து கிடக்கிறது, தேங்காய் உருண்டு ஒரு பெரியவர் காலடியில் கிடக்கிறது. கீழே வசனம்: "ஏலே, பொட்டி தட்டுற பயலுக்குக் குடுக்கவா எம்பிள்ளையப் படிக்க வச்சேன்?" தட்டினேன். அடுத்து ஒரு வீடு. பச்சைக் கதவு, கதவின் கீழ்ப்பாதியில் தார் பூசியிருக்கிறது, பக்கத்துச் சுவரில் வலை காய்கிறது. வாசலில் மாலா நிற்கவில்லை, ஈஸ்வரி நிற்கிறாள். அந்த ஜப்பான் படத்துப் பெரிய கண்ணெல்லாம் இல்லை, அவளுடைய உப்பின கன்னம், அவளுடைய மூக்கு. கீழே வசனம்: "இத்தன நாளா எங்க மச்சான் போனீக?" தட்டினேன். மூன்றாவதாக இன்னொரு காட்சி வந்தது. அதை அதன் முறை வரும்போது சொல்கிறேன். அந்த மூன்றாவது காட்சியில் நான் அடுத்ததைத் தட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த மூலைப் பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் பழுது.

கரண்ட் வந்தபிறகு ஏழெட்டுத் தடவை தட்டிப் பார்த்தேன். பூப்போட்ட பலகை, அப்புறம் முதலிலிருந்து. அவ்வளவுதான். வசனப் படங்கள் இருந்த இடத்தைத் திறந்து கடைசி நம்பர் வரை பார்த்தேன். ஒன்றுகூட அதிகமில்லை.

சாவியைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பயமா, கோபமா, சந்தோஷமா, அன்றைக்கு எனக்கே தெரியவில்லை. மாமா இல்லாத நேரம். கொல்லையில் ஈஸ்வரி காயப்போட்ட மிளகாயைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலாம் நாள எப்பப் புள்ள எழுதுன?" என்றேன், வாங்க என்று அவள் சொல்வதற்கு முன்னாலேயே.

"எந்த நாலாம் நாளு?"

"துண்ட வாங்காதேன்னு தட்டினா வருதே, அது."

"அது எங்க வரும்? அங்கனதான் ஒண்ணுமே இல்லையே. தேவையில்லேனா எடுத்துருன்னு கோடு போட்டு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான் பாத்தேன் ஈஸ்வரி. கூடம் வருது, தேங்கா உருளுது, மாமா வையுறாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்லயே வந்தீகளா மச்சான்? உக்காருங்க, மோரு கொண்டாரேன்."

"சத்தியமாப் புள்ள."

அவள் கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள். "நான் எழுதல. எழுத உக்காந்து உக்காந்து பாத்தேன், வரல. அவன் துண்ட வாங்காட்டி என்ன பேசுவான், எப்படிப் பேசுவான்னு எனக்கு என்ன தெரியும்? என்னைக்காச்சும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசியிருக்கீகளா, நான் கேட்டு எழுதுறதுக்கு?"

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டை உறைத்தது, மாலா ஏறிப்போன ரயில் உறைத்தது, அந்த வாயே திறக்காத கதாநாயகன் யார் என்று உறைத்தது. ஏழு மாதம் உட்கார்ந்து ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், நான் அதில் எழுத்துப்பிழை பார்த்திருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையனை நீங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை. கூடத்தில் ஜமுக்காளம், ஐம்பது பேர். சாயந்தரம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று வாசலில் பந்தல். மாமா தாம்பாளத்தை நீட்டினார். நான் குனிந்து பார்த்தபோது என் விரல்கள் பத்தும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நான் எடுக்க மாட்டேன் மாமா" என்றேன்.

பிறகு மாமா தாம்பாளத்தை வீசினார் பாருங்கள், தேங்காய் உருண்டு போய் நேராக அய்யாவின் காலடியில் நின்றது. "ஏலே, பொட்டி தட்டுற பயலுக்குக் குடுக்கவா எம்பிள்ளையப் படிக்க வச்சேன்?" என்றார் மாமா. ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அவ்வளவு வசவுக்கும் பதில் பேசாமல் பையன் எவ்வளவு மரியாதையாக இருக்கிறான் பார் என்று சனம் பிற்பாடு பேசிக்கொண்டது. மரியாதையா? மயக்கம் போட்டு விழாமல் இருந்ததே பெரிது.

அய்யா தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்தப் பயலுக்கு வாயி இருக்காப்பா? இத்தன வருசமா எங்கன வச்சிருந்தான்?" என்றார் பொதுவாக. நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அடுப்படி நிலைக்குப் பக்கத்திலிருந்து ஈஸ்வரி மாமாவிடம் சொன்னாள். "அய்யா, மச்சான் எடுக்கலேல்ல. விட்ருங்க. வாரவுகளுக்குச் சொல்லி அனுப்புங்க."

பரிசம் நின்றது. இரண்டு மாதம் கழித்து மாரியூர்க் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம். அத்தை வந்தாள், மாமா வரவில்லை.

பிறகு அவளைச் சென்டருக்குக் கூட்டிப்போய் அந்தப் பெட்டியில் மாமா வைத காட்சி வந்த இடத்தைக் காட்டினேன். அவளும் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. "எங்கிட்ட நேரா வந்து சொல்லத் துப்பில்லாம, பெட்டியில பாத்தேன்னு கத கட்டிட்டீக" என்று சிரித்தாள். மாமா வைதது எனக்கு முன்கூட்டித் தெரியும் என்றால், மாமா யாரைத்தான் அப்படி வையவில்லை என்கிறாள். இன்றுவரை அதுதான் அவள் கட்சி. நானும் விட்டுவிட்டேன். வற்புறுத்தினால் பச்சைக் கதவையும் மூன்றாவது காட்சியையும் சொல்ல வேண்டிவரும், அவற்றை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

அடுத்த வருஷம் அவளுக்குப் பாம்பனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை கிடைத்தது. வீடு தேடினோம். மூன்றாவதாகக் காட்டிய வீட்டின் முன்னால் வந்து நின்றோம். பச்சைக் கதவு. உப்புக்காற்றுக்கு மரம் அரித்துவிடும் என்று கீழ்ப்பாதிக்குத் தார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். வேண்டாம், ரயில் சத்தம் கேட்கும், மீன்வாடை அடிக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "இங்கனதான் நல்லாக் காத்து வருது மச்சான்" என்று அவள் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டாள். நான் தினமும் அங்கிருந்து பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தேன். நன்றாகத்தான் இருந்தோம். இவளை விட்டுக்கொடுத்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார இருந்தேனே என்று இன்றும் என்னையே வைதுகொள்கிறேன்.

பெண் குழந்தை பிறந்தது. முதல் பிறந்தநாளுக்கு மாமா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "பொட்டி தட்டுறவரு வீட்ல இருக்காரா?" என்று கேட்டார், எல்லாருக்கும் சிரிப்பும் அழுகையுமாகப் போய்விட்டது. பேத்திக்கு வெள்ளிக் கொலுசு கொண்டுவந்திருந்தார், அவரே மடியில் வைத்துப் போட்டுவிட்டார். எல்லாரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் நான் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். இனி அந்த மூன்றாவது காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

அதே பச்சைக் கதவு. காலை வெயில். வாசலில் ஈஸ்வரி, இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தையின் ஒரு காலில் கொலுசு இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. கீழே வசனம்: "எத்தன மணிக்கு வருவீக?" அதற்கு இரண்டு தேர்வு. 'ஆறு மணிக்கு வந்துருவேன்.' 'இன்னைக்குப் போகல.' அந்த இடத்தில்தான் கரண்ட் போனது.

இந்த மாதிரி விளையாட்டில் சும்மா ஒரு தேர்வை வைக்கமாட்டார்கள், அது விளையாடின எவனுக்கும் தெரியும். ஒன்றைத் தட்டினால் கதை நல்லபடியாகப் போகும், மற்றதைத் தட்டினால் கெட்டுப்போகும். எது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்போதெல்லாம் பெண்டாட்டி தினமும் கேட்ட கேள்வி அதுதான். நான் ஒரு நாளும் ஆறு மணி என்று சொன்னதில்லை. "வாரேன்" என்பேன், "பாப்போம்" என்பேன். "ஒரு மணியச் சொல்லிட்டுப் போனா கொறஞ்சா போயிருவீக?" என்று அவளுக்குக் கோபம் வரும். கொலுசு வந்த நாளிலிருந்து பாப்பாவின் இரண்டு காலிலும் கொலுசுத் திருகைத் தொட்டுப் பார்க்காமல் நான் படியிறங்கினதில்லை.

போன மே மாதம், பள்ளிக்கூட லீவு. அன்று காலையில் அவசரமாகக் கிளம்பிவிட்டேன், திருகைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பினால் அவள் கதவுக்கு வெளியே நிற்கிறாள், இடுப்பில் பாப்பா, வெயில் முகத்தில் அடிக்கிறது. இடது காலில் கொலுசு. வலது காலில் இல்லை.

"எத்தன மணிக்கு வருவீக?" என்றாள்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. செருப்பைக் கழற்றினேன். "இன்னைக்குப் போகல" என்றேன்.

"ஏன், என்ன செய்யுது?" என்று பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை, போக மனமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். அன்று முழுக்கக் குழந்தையைக் கீழே விடவில்லை. அடுப்பைப் பார்த்தேன், கிணற்று மூடியைப் பார்த்தேன், மின்விசிறிக் கொக்கியைக்கூட நாற்காலி போட்டு ஏறி ஆட்டிப் பார்த்தேன். மத்தியானம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டே டீக்கடைக்குப் போய், பாலத்தில் பஸ் ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தேன். ஒன்றுமில்லை என்றார்கள். ஆறு மணி ஆயிற்று, ஏழு மணி ஆயிற்று. எதுவுமே நடக்கவில்லை. காணாமல்போன கொலுசுகூடக் காலையிலேயே தலையணை உறைக்குள்ளிருந்து கிடைத்துவிட்டிருந்தது. "ஒத்தக் கொலுசுக்கு லீவு போட்ட மனுசன் இந்தத் தீவுலயே நீங்க ஒருத்தருதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கினது உண்மை. முடிந்தது, இனி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். "மச்சான், அந்தப் பழைய கதைய மறுபடியும் எடுத்திருக்கேன். இந்த லீவுல முடிச்சுரலாம்னு. காலைல நீங்க செருப்பக் கழட்டுனீகள்ல, அதப் பாத்ததும் நாலாம் நாளு என்னான்னு தோணிருச்சு. மத்தியானம் நீங்க டீக்கடைக்குப் போனப்ப ஆரம்பிச்சு ஒரு காட்சி செஞ்சுட்டேன். வாங்க, பாருங்க."

வீட்டிலிருந்த பழைய பெட்டியின் திரையில் பச்சைக் கதவு, காலை வெயில், ஒற்றைக் கொலுசுக் குழந்தை. எத்தன மணிக்கு வருவீக. கீழே இரண்டு தேர்வு, எழுத்துக்கு எழுத்து அதே. குழந்தையின் கைவிரல்கள் அவள் கழுத்தைக் கட்டியிருந்தன. "வெரலு இப்ப நல்லா வருதுல்ல?" என்றாள்.

'போகல' என்பதைத் தட்டிக் காட்டினாள். அவன் உள்ளே வருகிறான், கொலுசு தலையணை உறையில் கிடைக்கிறது, சிரிக்கிறார்கள். பிறகு மற்றத் தேர்வைத் தட்டினாள். பூப்போட்ட பலகை வந்தது.

"அவன் போனா என்ன ஆகும்னு இன்னும் எழுதல. நாளைக்கு எழுதணும். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு மச்சான், ஆனா மனசுக்குள்ள வந்துருச்சு."

"அத மட்டும் எழுதாத ஈஸ்வரி" என்றேன்.

"ஏன், அது தேவையில்லையா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், குழந்தைமேல் சத்தியம் செய்யச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சரி, எழுதவில்லை என்றாள். அன்றைக்கு என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும், ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் அவளுக்கு அது மனசுக்குள் வந்துவிட்டது என்றாளே, அதுதான். இப்போதும் சில நாள் துணி மடிக்கும்போதோ, பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதோ, கை அப்படியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். காலையில் நான் கிளம்பும்போது வாசல் வரை வருகிறாள். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அன்றையிலிருந்து அவள் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.